விளக்குக்குப் போர்வை போர்த்திய மாப்பிள்ளை

தென்காசியில் வீடு கட்டுகிறவன் உண்மையில் லாட்ஜ்தான் கட்டுகிறான். சாரல் விழ ஆரம்பித்தால் போதும், கல்யாணத்துக்கு அழைக்க மறந்துபோன சொந்தங்கள்கூடக் குற்றாலத்தில் குளிக்க நம் வீட்டு வாசலில் பையோடு வந்து இறங்கிவிடுவார்கள். அதனால் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் ஆட்களைவிட மெத்தைகள் அதிகம். சீசன் முடிந்ததும் அவற்றை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு நான் ஒரு வருடம் பதில் கண்டுபிடித்தேன்.

எங்கள் மாடி அறைக்குத் தகரக் கூரை. அதன் கீழே ஃபால்ஸ் சீலிங், அதில் பதித்த ஹாலோஜன் விளக்குகள். (எல்இடி போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று தேடி அலைந்து வாங்கினேன். ரசனை!) பங்குனி வெயிலில் அறை கொதித்தது. சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே ஆள் தவழும் உயரத்துக்கு இடம் சும்மாக் கிடந்தது. இலவம்பஞ்சு மெத்தைகளை அங்கே பரப்பிவிட்டால் வெயிலும் இறங்காது, மெத்தைகளும் பத்திரம்!

"லைட்டு சூடாகுமுல்லா?" என்றாள் மனைவி செல்வி.

"விளக்கு கீழ பாத்துத்தானட்டி எரியுது? சூடு மேல எப்படிப் போவும்?" என்றேன். (பிளஸ் டூ இயற்பியலில் என்னைப் பாஸ் போட்ட புண்ணியவான் யாரோ.) அன்றே மெத்தைகளை மேலே ஏற்றி, விளக்குகளின் முதுகுமேல் பரப்பிவிட்டேன்.

சித்திரையில் எங்கள் கைக்குழந்தையைப் பார்க்கப் புளியங்குடியிலிருந்து என் மாமியார் வந்தார். எலுமிச்சை மண்டி நடத்துகிறவர். 'மாப்ள நல்லவரு, ஆனா வெவரம் பத்தாது' என்பது கல்யாணத்தன்றே அவர் சொன்ன தீர்ப்பு. அதை மாற்றி எழுத வைக்க வேண்டுமென்று, சாயங்காலம் அவரை மாடிக்கு அழைத்துப்போய் எல்லா விளக்குகளையும் போட்டேன். அறை பொன்னாக ஜொலித்தது. தொட்டிலில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்; பக்கத்தில் செல்வி.

விளக்குகளை அத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. சற்று நேரம் உட்கார்ந்திருந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"ஏட்டி செல்வி, எங்கனயோ பஞ்சு கருகுது."

"பக்கத்து வீட்டுல குப்பை எரிக்காங்க அத்த," என்றேன்.

அதற்குள் ஒரு விளக்கின் ஓரத்தில் நூல்போலப் புகை இறங்கியது. அத்தை எழுந்தார்.

"மொதல்ல பிள்ளையத் தூக்குட்டி! மாப்ள, மெயினை அணைங்க!"

நான் பாய்ந்துபோய் அணைத்தது தண்ணீர் மோட்டாரின் சுவிட்சை. அத்தையே வந்து மெயினை அணைத்தார். பிறகு நான் மேலே தவழ்ந்து போனேன். ஒரு மெத்தையின் அடியில் சோற்றுப்பானை அகலத்துக்குக் கருகி, கனன்றுகொண்டிருந்தது. அதை இழுத்து மொட்டைமாடிக்குத் தள்ளிவிட்டுத் திரும்புகையில் முழங்கால் சட்டத்தை விட்டு நழுவியது. சீலிங் உடைந்து என் இடது கால் அறைக்குள் தொங்கியது.

கீழேயிருந்து குரல் வந்தது. "மாப்ள, அங்கன என்ன செய்திய?"

உடைந்த பலகை எங்கே விழுந்திருக்கிறது என்று ஓட்டை வழியாகப் பார்த்தேன். காலித் தொட்டிலுக்குள்.

கீழே வந்ததும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அழாதிய மாப்ள," என்றார். "எலுமிச்சம்பழமே காத்தாடாம மூடி வச்சா வெந்துபோவும். பல்பு தாங்குமா?"

இப்போது அங்கே எல்இடி விளக்குகள். ஒவ்வொன்றின் மேலும் தீப்பிடிக்காத மூடி. அதைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுத்தான் வெப்பம் தடுக்கும் கண்ணாடி இழைக் கம்பளி. மெத்தைகள் கட்டிலுக்கடியில்.

ஒவ்வொரு சாரலுக்கும் அத்தை வருகிறார். வந்ததும் சீலிங்கைப் பார்த்து, "குளிருதே மாப்ள, பல்புக்குப் போர்வை போர்த்தலியா?" என்பார். வீடே சிரிக்கும். பள்ளிக்கூடம் போகிற மகள், "அப்பா கால் எங்கன தொங்குச்சு ஆச்சி?" என்று கேட்பாள். அத்தை விரலை நீட்டிக் காட்டுவார்.

எத்தனை முறை கேட்டாலும் எனக்கு இந்தக் கேலி அலுப்பதில்லை. சிரிக்கிறவர்களில் மகளும் இருக்கிறாளே.