பாதியில் விட்ட கை

கேன்சரை வென்றவன் என்று ஓட்டமாவடியில் எனக்குப் பெயர். வென்றது உண்மைதான். ஆனால் மிளகாய் இடித்த ஒரு கரண்டி கட்டச் சம்பலிடம் இன்றைக்கும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

குடலில் ஒரு துண்டை வெட்டி, கரண்டும் பிடித்து (கதிர்ச் சிகிச்சைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) அனுப்பினார்கள். மிஞ்சிய குடல் தனிக்கட்சி தொடங்கிவிட்டது. முன்னறிவித்தல் கிடையாது, பேச்சுவார்த்தை கிடையாது. (தொழுகைக்காக நான் ஒரு நாளைக்குத் திரும்பத் திரும்பக் கைகால் கழுவி ஒளூ எடுக்கும் தண்ணீரைத் திருப்பிவிட்டால் ஒரு வட்டை நெல் விளைந்துவிடும்.)

மகள் நுஸ்ராவின் நிகாஹ் நெருங்கியதும் தம்பி றபீக் வந்தான். நிகாஹில் பெண்ணின் தகப்பன்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளைத் தந்தேன் என்று சொல்ல வேண்டும். முடியாவிட்டால் அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுக்கலாம்; அதற்குப் பெயர் வக்காலத்து.

“காக்கா, வக்காலத்த எனக்குத் தாங்க. ஒங்கட வயித்த நம்பேலாது.”

“போடா. வயித்த நம்பியா புள்ளயப் பெத்த நான்?”

சுத்த வீராப்பு. ஆனால் ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அல்லாஹ்விடம் நான் கேட்டது நீண்ட ஆயுளை அல்ல; இந்த ஒரு வசனத்தைச் சொல்லும் வரைக்குமான ஆயுளைத்தான். நிகாஹுக்கு முதல் நாளே சோற்றை நிறுத்தி, வெறும் தேத்தண்ணியோடு பள்ளிவாசலில் போய் உட்கார்ந்தேன்.

மைக் வந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன்.

“என்னுடைய மகள் நுஸ்ராவை உமக்கு...”

வயிற்றுக்குள் ஒருவன் எழும்பி நின்றான். கையை உதறிவிட்டு ஓடினேன்.

பின்னால் மாப்பிள்ளையின் வாப்பா கத்துவது மைக்கிலேயே கேட்டது: “என்ன இது, பொண்ணத் தர விருப்பமில்லயா? நாங்க குடுக்கிற மஹர்க் காசு காணாதாமா?”

அன்று பள்ளியில் ஒரு கக்கூஸ்தான் திறந்திருந்தது. அதன் கதவை வந்து தட்டினான் றபீக்.

“காக்கா! சபை குழம்புது. நீங்க வெளிய வராட்டியும் பரவாயில்ல, வக்காலத்துத் தந்தன் எண்டு மட்டும் செல்லுங்க, நான் முடிச்சிர்ரன்.”

(அங்கே இருந்து கதைக்கக் கூடாதுதான். ஆனால் இது பிள்ளையின் காரியம்.)

“தரமாட்டன்! மௌத்துக்கே உசிர விட்டுக் குடுக்கல்ல, ஒனக்கா இதக் குடுப்பன்? எல்லாரையும் இருக்கச் செல்லு!”

திரும்பி வந்தபோது சட்டைக் கை முழுக்க ஈரம். சபையே என்னைப் பார்த்தது.

“சம்மதம்தானே மச்சான்?” என்றார் மாப்பிள்ளையின் வாப்பா, முகத்தை இறுக்கிக்கொண்டு.

“எனக்குச் சம்மதம். வயித்துக்குத்தான் சம்மதமில்ல. கேன்சர் வந்த குடல், அப்படித்தான் செய்யும். சம்பந்தம் வச்சா நீங்களும் பழகத்தான் வேணும்.”

யாரோ சிரித்துவிட்டார். மாப்பிள்ளை தானாகவே கையை நீட்டினார்.

“வசனத்த ஆறுதலாச் செல்லுங்க மாமா. நான் ஓட மாட்டன்.”

வசனத்தை முழுதாகச் சொன்னேன். குரல் ஏன் உடைந்தது என்று கேட்டவர்களிடம் பழியை வயிற்றின் மீதே போட்டுவிட்டேன்.

இப்போதும் புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வந்தால் மருமகன் சொல்வார்: “அண்டைக்கு ஒங்கட வாப்பா கைய விட்ட நேரமே நானும் எழும்பி ஓடியிருக்கணும்.”

நுஸ்ரா விடமாட்டாள்: “எங்க ஓடுற? இருந்த ஒரு கக்கூசுக்குள்ளயும் வாப்பா!”