சொற்பொழிவு கேட்ட வான்கோழி

மேடையில் பழகிய நாவுக்குத் தீராத நோய் ஒன்று உண்டு. எதிரே ஒரு செவி இருந்துவிட்டால் போதும். அது மனிதச் செவிதானா என்று அந்த நா விசாரிப்பதில்லை. இந்த நோய் எனக்கு முற்றியிருந்த பருவத்தில்தான் ஜவ்வாது மலையடிக் காட்டுக்கு வேட்டைக்குப் போனேன். போனது வேட்டைக்காரனாக. திரும்பிய கோலத்தைப் பிறகு சொல்கிறேன்.

எழுபதுகளின் இறுதி. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பைகளை அள்ளிக்கொண்டு, தமிழ் மொழியே என் சொந்த உழைப்பில் உருவானதுபோல் நான் நடமாடிய காலம். பங்குனி மாதத்தில் ஆலங்காயத்தை அடுத்திருந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டின் பின்புறம் ஒரு துவரைக் கொல்லை. அதைத் தாண்டினால் காடு.

அக்காவின் கணவரான மாமா ஓர் அலுவலகத்தில் தற்காலிக ஊழியர். அவர் வேலையை நிரந்தரமாக்கக் கையெழுத்திட வேண்டிய அதிகாரி, விடுப்பில் ஊருக்குப் போகுமுன், தாம் செல்லமாக வளர்த்த வான்கோழிச் சேவலை மாமாவின் பொறுப்பில் விட்டிருந்தார். அதுவோ கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் குடியேறிவிட்டது. மறுநாள் காலை ஜீப்பில் வந்து அதை எடுத்துக்கொள்வதாக அதிகாரி சொல்லியனுப்பியிருந்தார்.

“வேற ஒண்ணு வாங்கிக் கட்டிட்டா அவருக்குத் தெரியவா போவுது?” என்றேன்.

“மடியில வெச்சுத் தீனி போட்டவரு மச்சான். அது மூஞ்சி அவருக்கு நல்லாத் தெரியும். என் மூஞ்சிதான் இன்னும் சரியாத் தெரியாது,” என்றார் மாமா.

நான் எழுந்து நின்றேன். (சாப்பாட்டுக்கு நடுவில் இவன் எதற்கு எழுந்தான் என்று அக்கா பார்த்தாள்.) “கவலையை விடுங்கள். நாளைக் கதிரவன் எழுமுன் அந்தப் பறவை இந்த வாசலில் நிற்கும். இது என் சூளுரை,” என்றேன்.

“உக்காருடா. ரசம் ஆறுது,” என்றாள் அக்கா.

விடிவதற்கு முன்பே காட்டுக்குள் நுழைந்தோம். மாமாவின் தோளில் இரவல் வாங்கிய மீன்வலை. என் தோளில் பரிசாகப் பெற்ற சால்வை. (வேட்டைக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள், அது இல்லாமல் நான் பல் துலக்கவும் போனதில்லை.) என்னை ஓர் இலுப்பை மரத்தடியில் நிறுத்தி, “இங்கயே இரு. வாயத் தொறக்காத. நான் அந்தப் பக்கம் சுத்திப் போய்ட்டு வர்றேன். கிட்ட வந்தா சால்வைய மேல போட்டு அமுக்கு,” என்று மாமா போய்விட்டார்.

அந்த வைகறையை இன்றும் என்னால் முழுமையாக விவரிக்க இயலவில்லை. பனி மரங்களின் இடுப்புவரை நின்றது. இலுப்பைப் பூக்கள் ஒவ்வொன்றாய், யாரோ மேலிருந்து யோசித்து யோசித்து விடுவதுபோல் விழுந்தன. கள்ளின் மணமும் தேனின் மணமும் கலந்த ஒரு வாசம். பனிக்கு மேலே தெரிந்த மரங்கள் வரிசை வரிசையாய் அமர்ந்த அவையைப்போல் இருந்தன. இத்தனை அமைதியான அவை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. நான் விழித்திருந்தேனா, கனவுக்குள் இருந்தேனா என்பது எனக்கே தெளிவில்லை. என் உதடுகள் தாமாகப் பிரிந்தன.

“அவையோரே,” என்றேன்.

சரிவின் கீழிருந்து “களகளகளகள” என்று ஒரு மறுமொழி வந்தது.

திகைத்தேன். இல்லறமா துறவறமா என்ற பழைய தலைப்பை எடுத்து, துறவறத்தின் பக்கம் நின்று ஒரு வாக்கியத்தை உச்சத்தில் முடித்தேன். மீண்டும் “களகளகள.” குரலைத் தாழ்த்தினால் மௌனம், உயர்த்தினால் ஆரவாரம். மண்டபங்களில் கைதட்டல் எப்போதும் சற்றுத் தாமதித்தே வரும். இது என் கடைசி அசை அடங்குமுன் வந்தது. (பங்குனியில் வான்கோழிச் சேவல் துணை தேடும் என்பதும், எந்த உரத்த ஓசைக்கும் பதில் கத்தும் என்பதும் பிற்பாடு தெரிந்தவை. நானோ அதனிடம் துறவின் மேன்மையை எடுத்துரைத்துக்கொண்டிருந்தேன்.)

பனியை விலக்கிக்கொண்டு அது வந்தது. வாலை விசிறியாய் விரித்து, நீலமும் சிவப்புமாய் முகம் மாறி மாறி, சிறகு நுனி சருகில் உரச, ஓர் அரசன் அரங்கேறுவதைப்போல. பேசப் பேச நெருங்கி, கையெட்டும் தொலைவில் நின்றது. அதன் பின்னால் புதருக்குள் மாமாவின் முகம் தெரிந்தது. “போடு, போடு,” என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

போட்டிருக்கலாம். மாமாவின் வேலையே அந்த ஒரு வீச்சில் இருந்தது. ஆனால் நான் இன்னும் முடிவுரைக்கு வரவில்லை. நேரம் முடிந்ததென்று மணியடிக்கும் நடுவரைத் தடுப்பதுபோல் மாமாவுக்கு உள்ளங்கையைக் காட்டினேன். பிறகு சால்வையின் இரு முனைகளையும் பற்றி, கைகளை அகல விரித்து, “ஆகவே,” என்றேன்.

அதன் கண்ணுக்கு அது முடிவுரையாகத் தெரியவில்லை. தன் வாலைவிடப் பெரிய வால் ஒன்று எதிரே விரிந்ததாகத் தெரிந்திருக்கிறது. அவையோர் என் மார்பின்மீது பாய்ந்தார்கள்.

சால்வை முதல் உதையில் போனது. வேட்டி காரைமுள்ளிடம் தங்கிவிட்டது. (உள்ளே அரைக்கால்சட்டை இருந்ததால் மானம் தப்பியது.) துவரைக் கொல்லையை நான் கடந்த வேகத்தில் இலக்கணம் அனைத்தும் உதிர்ந்து, “ஐயோ அக்கா” என்ற இரண்டு சொற்களே என்னிடம் மிஞ்சின. பின்னால் வான்கோழி, அதற்கும் பின்னால் வலையோடு மாமா.

வாசலில் ஜீப் நின்றிருந்தது. காபி குடித்துக்கொண்டிருந்த அதிகாரியைச் சுற்றி ஓடி, ஜீப்புக்குள் ஏறி ஒடுங்கினேன். அவர் நாக்கைச் சொடுக்கினார். அந்த ராட்சதப் பறவை சட்டென வாலைச் சுருக்கிக்கொண்டு அவர் காலடியில் போய் நின்றது.

“உடம்பு நல்லா இறுகியிருக்கே. எப்படி வளத்தீங்க?” என்றார், அதைத் தடவியபடி.

மூச்சு வாங்க மாமா சொன்னார்: “தெனம் காலைல எங்க மச்சான்தாங்க ஓட்டிகினு போவாரு.”

அதிகாரி ஜீப்புக்குள் என்னை ஒருமுறை பார்த்தார். “யார யாரு ஓட்டினது?”

அக்கா அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் முடியவில்லை. மாமாவின் வேலை அந்த மாதமே நிரந்தரமானது.

அதன்பின் எத்தனையோ பெரிய மண்டபங்களில் பேசிவிட்டேன். ஆயினும் வாக்கியத்தை உச்சத்தில் நிறுத்தும்போதெல்லாம், கைதட்டலுக்கு முந்தைய அந்த வெற்றுக் கணத்தில் என் செவி சரிவின் கீழிருந்து ஒரு குரலை எதிர்பார்க்கிறது. இலுப்பை வாசம்கூட வருகிறது.

மாமா அதே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற விழாவில் வாழ்த்துரை என்னுடையது. உரை சற்றே நீண்டபோது, அக்காவும் பிள்ளைகளும் அமர்ந்திருந்த வரிசையிலிருந்து மெல்ல “களகள” என்று ஓர் ஒலி எழுந்தது. மாலையும் கழுத்துமாய் மேடையில் அமர்ந்திருந்த மாமா என் பக்கம் திரும்பி, “போடு, போடு,” என்று உதட்டை அசைத்தார்.

நான் அவருக்கு உள்ளங்கையைக் காட்டினேன். முடிவுரை இன்னும் வரவில்லை.