புல் முளைக்காத வீடு

ஹேமநாதன் வீட்டுப் புல்தரையில் மறுபடியும் ஒரு வட்டம் காய்ந்திருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார் பக்கத்து வீட்டு மரியநாதன். ஜொகூர் பக்கம் உலு திராமில் அந்தத் தாமான் குடியிருப்பின் சங்கத் தலைவர். சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புல்லைக்கூடப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்கிற பார்வை.

"என்ன ஹேமா, இப்படிக் கருகிப் போச்சு?"

"தெரியல சார். தண்ணி ஊத்திக்கிட்டுதான் இருக்கேன்."

"வீட்டு முன்னால பச்சைப் புல்லுதான் இருக்கணும். ரூல்ஸ் போட்டதே நான்தான். நானே அதை மீறினா நல்லா இருக்காது லா."

ஹேமநாதன் பணிவாகத் தலையாட்டினான். சட்டம் என்று யாராவது சொன்னாலே எழுந்து நிற்கிற ரகம் அவன். அவன் மனைவி பிரேமலா அப்படியில்லை.

"இந்தப் புல்ல விட்டுத் தொலைங்க. இந்த ஊரு செடியா வைப்போம், தானா வளரும்."

"ரூல்ஸ் இருக்கு பிரேமா."

உரம் போட்டான். ஒரு வட்டம் மூன்றானது. மூவார் வரை போய், பாயாகச் சுருட்டி விற்கிற புல்லை வாங்கி வந்து விரித்தான். தலைவரே வந்து தடவிப் பார்த்தார்.

"அருமையான புல்லு. பாவம்" என்றார்.

ஏன் பாவம் என்று ஹேமநாதனுக்கு விளங்கவில்லை. ஒரே வாரத்தில் அதுவும் வைக்கோலாகிப் போனது.

பிரேமலாவுக்குப் பொறுமை போய்விட்டது. ரப்பர்த் தோட்டத்து ஓரங்களில் தானாக முளைத்துக் கிடக்கும் செண்டுடுக், சிம்போ செடிகளைக் கொண்டுவந்து காய்ந்த இடத்திலெல்லாம் நட்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத்தானே தெரியும் என்பது அவள் கணக்கு. செடிகள் பச்சையோடு நிற்கவில்லை. ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்துத் தள்ளின. வண்ணத்துப்பூச்சி வந்தது, தேன்சிட்டு வந்தது, கைப்பேசியோடு எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். படம் தாமான் முழுக்கப் பரவி, சங்கத்துக்குப் புகாராகவும் போய்ச் சேர்ந்தது.

சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் நொந்து நூலாகி வரும் ஹேமநாதன், இப்போதெல்லாம் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றான். பிரேமலா கோப்பியை அங்கேயே கொண்டுவருவாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

தலைவர் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை கமிட்டி வருது. புல்லு இல்லன்னா லாரியக் கொண்டாந்து எல்லாத்தையும் புடுங்கிடுவாங்க."

பிரேமலா உள்ளே போய்விட்டாள். அன்று கோப்பியும் வரவில்லை.

வேறு வழி தெரியாமல், சனிக்கிழமை மதியம் செடிகளுக்கு நடுவே காய்ந்து கிடந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்தான். சாயங்காலம் மழை கொட்டியது. கால்வாய் பச்சையாக ஓடி, தலைவர் வீட்டு வாசல் வழியாகத் தாமானையே சுற்றி வந்தது.

"அலமாக்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் கமிட்டி வந்தது. லாரியும் வந்து நின்றது. ஹேமநாதன் பிரேமலாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாயம் அடிச்சு ஏமாத்தப் பாத்திருக்காங்க. புடுங்கச் சொல்லுங்க தலைவரே" என்றார் செயலாளர் யோகேஸ்வரி.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மனுஷன் உரம் போட்டாரு. மூவாரு வரைக்கும் போயி புல்லு வாங்கிப் போட்டாரு. கடைசில சாயமே அடிச்சிட்டாரு. இதுக்கு மேல ஒருத்தர் என்னதான் செய்ய முடியும்? தப்பு மண்ணுமேல. புல்லு முளைக்காத வீட்டுல இந்த ஊரு செடி வைக்கலாம்னு இன்னைக்கே ரூல்ஸ மாத்திடுவோம்."

எல்லாரும் கை தூக்கினார்கள். தேன்சிட்டைப் பார்த்துக்கொண்டே யோகேஸ்வரியும் கடைசியாகத் தூக்கினார். லாரி வெறுமனே திரும்பிப் போனது.

பிரேமலா பாயசம் வைத்தாள். ஹேமநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு டம்ளர் பாயசத்தை எடுத்துக்கொண்டு, தாமான் வாசலில் காவலுக்கு இருக்கும் காளிதாசிடம் ஓடினான்.

"தலைவர் மாதிரி ஒரு மனுஷன் கிடையாது காளி. எங்க செடியெல்லாம் காப்பாத்திட்டாரு."

காளிதாஸ் பாயசத்தை நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"அவருக்கும் இந்த ஊரு செடி வைக்க ரொம்ப நாளா ஆசைண்ணே, அவரு போட்ட ரூல்ஸே அவருக்குக் குறுக்க நின்னுச்சு. நாலு மாசமா நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் கேத்தல்ல சுடுதண்ணி கொண்டாந்து, உங்க புல்லுல ஊத்துவாரு; செடி வச்ச பிறகு அது மேல ஒரு சொட்டு படாம ஊத்துவாரு. நாளையிலருந்து அவரு வீட்டுப் புல்லுக்கே ஊத்தப் போறாராம்."