மவுண்ட் ரோடு ஒரிஜினல்

வடமாலப்பேட்டையைத் தாண்டி, நடு ரோட்டில் புகைந்துகொண்டு நின்ற கறுப்புக் காரைச் சுற்றி இருந்தவர்கள்: காரின் சொந்தக்காரர் எத்திராஜ், அவர் பெண்டாட்டியின் தம்பி முனிகிருஷ்ணன், மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் தியோடர், விசாரணை ஆபீசருக்கென்று ஊரார் கொடுத்தனுப்பிய ஒரு கூடை மாம்பழம், வேடிக்கை பார்க்க வந்த ஓர் எருமை. இதில் எருமையும் மாம்பழமும்தான் பதறாமல் இருந்தன.

"இன்னா மாமா, உள்ள கஞ்சி காச்சறியா?" என்றான் முனிகிருஷ்ணன், பானெட்டிலிருந்து கிளம்பிய ஆவியைப் பார்த்து.

"வாயை மூட்றா. சூடாயிருக்குது. ஆறினா போவும்."

"புத்தூர்லயும் இதையேதான் சொல்லிக்கினு இருந்தே."

தியோடர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். மனு அவர் அக்குளில் இருந்தது. சாயங்காலத்துக்குள் அதை ஆபீசர் கையில் சேர்த்தாக வேண்டும்.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்ததிலிருந்து கல்லேரிப்பட்டு எந்தப் பக்கம் என்பது தீராத பேச்சாக இருந்தது. பாலசமுத்திரத்துக்கு அந்தண்டை இருக்கிற சின்ன ஊர். தமிழ் பேசுகிற ஊர். மெட்ராஸோடுதான் சேர வேண்டும் என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். எல்லை விசாரணை ஆபீசர் திருப்பதிக்கு வந்து பங்களாவில் ஒரு நாள் விசாரணை வைத்து, ஊர் ஊராகக் கேட்டுக்கொள்ளப் போகிறார் என்று தகவல் வந்ததும் எத்திராஜைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அவருக்கு நன்றாகப் பேச வரும் என்பதால் அல்ல. அவரிடம் கார் இருந்தது.

மனுவை எழுதியவர் தியோடர். அதில் அவருக்கே மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு: 'எங்கள் ஊரில் இருக்கும் ஒரே காருக்கு ஒரு திருகாணி தளர்ந்தால்கூட நாங்கள் நாடுவது மெட்ராஸைத்தான்.' ஊர்க் கூட்டத்தில் அந்த வரியை மட்டும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார் எத்திராஜ். சபையில் தன் கார் பேச்சு வந்தால் அவருக்கு மீசை தானாக மேலே போகும்.

அந்த வரி பொய்யும் இல்லை. போன வருஷம் தண்ணீர் பம்பில் சொட்டு சொட்டாகக் கசிவு. அதற்கு மவுண்ட் ரோட்டில் இருக்கிற பெரிய ஏஜென்சிக்குப் போனார். கழுத்தில் டை கட்டிய ஒருவர் காரைச் சுற்றி வந்து, சாவு வீட்டில் பேசுகிற குரலில், "ஒரிஜினல் பம்பு போட்டுடலாம் சார்," என்றார். போட்டார்கள். புது பம்பின் வேகம் தாங்காமல் பழைய ரப்பர் குழாய் வெடித்தது. குழாயை மாற்றினார்கள். ரேடியேட்டர் ஒழுகியது. "புதுசுக்குப் பக்கத்துல பழசு நிக்காது சார்," என்றார் டைக்காரர். எத்திராஜுக்கு அது வேத வாக்காகப் பட்டது. மாந்தோப்புக் குத்தகை வந்த வேகத்தில் மவுண்ட் ரோட்டுக்குப் போனது. கிளம்பும்போது டைக்காரர் ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்தார்: "வேற கை பட்டா கம்பெனி பொறுப்பில்லை."

அதனால் எத்திராஜ் யார் கையையும் படவிடவில்லை. புத்தூரில் ஒரு லாரி டிரைவர் எட்டிப் பார்க்க வந்ததற்கு, குழந்தையைத் தூக்க வந்தவனைத் தடுப்பதுபோல் குறுக்கே நின்றார்.

இப்போது ஆவி அடங்கியதும் பானெட்டைத் திறந்தார். காற்றாடியைச் சுழற்றுகிற பெல்ட் அறுந்து தொங்கியது.

"அடச்சே, இவ்வளவுதானா!" என்று சிரித்தார். சீட்டுக்கு அடியிலிருந்து மஞ்சள் துணி சுற்றிய அட்டைப் பெட்டியை எடுத்தார். "ஒரிஜினல். முன்கூட்டியே வாங்கி வெச்சிக்கினேன். எப்பிடி?"

ஒரிஜினல் பெல்ட் ஒரு விரற்கடை குட்டையாக இருந்தது.

"சார், இது வேற மாடலுக்குப் போல இருக்கே," என்றார் தியோடர்.

"கம்பெனிக்குத் தெரியாதா வாத்தியாரே? புதுசு அப்பிடித்தான் இருக்கும். இழுத்தா வரும். டேய் முனி, கடப்பாறை எடு."

இழுத்தார்கள். பெல்ட் வந்தது. கூடவே காற்றாடியின் இறக்கை ஒன்று வளைந்ததை யாரும் கவனிக்கவில்லை. எத்திராஜ் வண்டியைக் கிளப்பினார். வளைந்த இறக்கை கிறீச்சென்று கத்திக்கொண்டு ரேடியேட்டரைக் கிழித்தது. உள்ளே இருந்த வெந்நீர் தியோடரின் வெள்ளைச் சட்டையில் ஊற்றாக அடித்தது. மனுவை மட்டும் அவர் தலைக்கு மேலே தூக்கிக் காப்பாற்றினார்.

"மாமா," என்றான் முனிகிருஷ்ணன் மெதுவாக, "இது மட்டும்தான் ஒரிஜினலா, இல்ல இன்னும் இருக்குதா?"

கடைசியில் வெல்லம் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாட்டு வண்டிக்காரர் இரக்கப்பட்டார். வண்டியின் பின்னால் காரைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கல்லேரிப்பட்டின் ஒரே கார் எட்டுக் காலில் திருப்பதிக்குள் நுழைந்தது.

ஊர் எல்லையில் தியோடர் குனிந்து எத்திராஜ் காதில் சொன்னார். "மனுவைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இங்கே எல்லாரும் ஆந்திரா பக்கம். விஷயம் தெரிஞ்சா வண்டியில நட்டைக் கழட்டிடுவானுங்க."

"இன்னும் கழட்ட இன்னா மிச்சம் இருக்குது?" என்றான் முனிகிருஷ்ணன்.

ஸ்டேஷன் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக் முனிரத்தினம் தெலுங்கில் பாதி, தமிழில் பாதி பேசுவார்; இரண்டிலும் தன்னைப் பற்றித்தான் பேசுவார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எவரு அண்ணா இதி சேசிந்தி? யார் பண்ணின வேலை?" என்றார்.

"மவுண்ட் ரோட்டு கம்பெனி," என்றார் எத்திராஜ், இன்னும் கொஞ்சம் பெருமையோடு. "ஏம்பா, வேற கை பட்டா கம்பெனி பொறுப்பில்லைன்னு..."

"இப்போ மட்டும் கம்பெனி பொறுப்பா வந்து நிக்குதா அண்ணா?"

எத்திராஜ் பானெட்டை விட்டு ஒதுங்கி வழி விட்டார். ஒரு வருஷமாகக் கட்டிக் காத்த பக்தி அந்த இடத்தில்தான் முறிந்தது.

முனிரத்தினம் ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைக்க ஆரம்பித்தார். பெல்ட்டுக்கு ரைஸ் மில்லில் தேய்ந்த பெல்ட் ஒரு துண்டு வாங்கி, செருப்புத் தைக்கிறவரிடம் தைத்து வரும்படி முனிகிருஷ்ணனை அனுப்பினார். "மில்லு பெல்ட் அண்ணா. நாம போனாலும் அது போகாது." தியோடர் பங்களாவுக்கு நடந்தே போய், வரக் கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினார்.

கொட்டகையில் மிஞ்சியவர் எத்திராஜ். பழைய டயர்மேல் இன்னொருவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நனைந்த சட்டை ஆணியில் காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய கார் ஜாக்கியின்மேல் ஒரு காலைத் தூக்கி நின்றது.

"வெந்நீரா?" என்றார் எத்திராஜ், சட்டையைக் காட்டி.

"வெந்நீர்தான். உங்களுக்கும் கம்பெனி சாமானா?"

"உங்களுக்குமா!"

அந்த நிமிஷமே இருவரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

"இன்னா வேலைங்க உங்களுக்கு?"

"ஊர் ஊராப் போய் ஜனங்களைப் பார்த்துப் பேசற வேலை."

எத்திராஜ் சட்டென்று கால்களை மடக்கிக்கொண்டார். "எனக்கு இன்சூரன்ஸ் வேணாங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "பயப்படாதீங்க. இன்னிக்கு நான் எதையும் விக்கறதா இல்லை."

பசி வந்தது. எத்திராஜ் கூடையைப் பார்த்தார். இரண்டு பழம் குறைந்தால் ஆபீசர் எண்ணவா போகிறார்? எடுத்தார். டயர்க்காரர் பழத்தை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நான்காயிற்று. நான்குக்குப் பிறகு யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

"ஆனாலும் யோசிச்சுப் பாருங்க," என்றார் டயர்க்காரர், கொட்டையைச் சப்பிக்கொண்டே. "கம்பெனி சாமானுக்கு விலை ஜாஸ்திதான். ஆனா ஒரு நம்பிக்கை இருக்கு இல்லையா? கேக்க ஒரு இடம் இருக்கு."

"கேக்க இடம் இருக்குதுங்க. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை." எத்திராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மொதல்ல பம்புன்னான். அப்புறம் குழாய்ன்னான். நாலு தபா போனேன். வெள்ளைத் துணியால தொடச்சித் தொடச்சிக் காட்டினான். தொடச்சதுக்கும் காசு! இந்த ஆளைப் பாருங்க, அழுக்கு வேட்டி, வாய் ஓயமாட்டேங்குது, ஆனா கழட்டினதை என் கண்ணு முன்னால கழட்டினான்."

"அப்போ இனிமே மெட்ராஸ் போகமாட்டீங்களா?"

எத்திராஜுக்கு வாத்தியாரின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. இந்த ஆள் எந்தப் பக்கமோ, யார் கண்டது? வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. கோபம் பாதி, ஜாக்கிரதை பாதியாக அவர் குரலை உயர்த்தினார்.

"மெட்ராஸா? என் பொணம்கூட அந்தப் பக்கம் திரும்பாதுங்க! எங்களுக்கு எல்லாத்துக்கும் திருப்பதிதான். துணி எடுக்கறது இங்க. வைத்தியம் இங்க. மொட்டை போடறதும் இங்க. இப்ப காரும் இங்கதான்."

"உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் நினைக்கறாங்களா?"

"யாரை வேணா கேளுங்க. மெட்ராஸ் சகவாசமே வேணாம்னுதான் சொல்லுவாங்க."

டயர்க்காரர் தலையாட்டினார். சட்டை காய்ந்தது. அவர் கார் முதலில் தயாரானது. போகும்போது எத்திராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எந்த ஊர்னு சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? கல்லேரிப்பட்டுங்க. பாலசமுத்திரத்துக்கு அந்தண்டை."

"இந்த ருசியை மறக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் முனிகிருஷ்ணன் பெல்ட்டோடு வந்தான். பின்னாலேயே தியோடரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "நல்ல காலம். ஆபீசரே இன்னும் வரலையாம். நமக்கு நேரம் இருக்கு."

"ஏன் மாமா," என்றான் முனிகிருஷ்ணன், கூடையைக் குனிந்து பார்த்து. "ஆபீசருக்குக் கொட்டையையா குடுக்கப் போறே?"

"ஒரு நல்ல மனுஷன் துன்னான்டா. போவட்டும்."

முனிரத்தினம் மில் பெல்ட்டை மாட்டினார். கார் கிளம்பியது. கிறீச் இல்லை, புகை இல்லை. பால் குடித்த பூனைபோல் உறுமியது. முனிரத்தினம் சொன்ன கூலியைக் கேட்டு எத்திராஜ் திரும்ப ஒருமுறை கேட்டார், காது சரியில்லையோ என்று. அத்தனை குறைச்சல்.

நேரம்தான் இருக்கிறதே. அந்தச் சந்தோஷத்தில் மூன்று பேரும் ஓட்டலில் இட்டலி சாப்பிட்டார்கள். இரண்டாவது காபியும் குடித்தார்கள். எத்திராஜ் கோவிந்தராஜர் கோயில் தெருவில் சும்மா ஒரு சுற்று ஓட்டினார். பிறகு இன்னொரு சுற்று. ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டார். காற்று வந்தது. ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, மனசு நிறைந்திருந்தது. இந்த நிறைவோடு பேசினால் ஆபீசர் ஊரை மெட்ராஸுக்குத் தூக்கியே கொடுத்துவிடுவார் என்று தோன்றியது.

பங்களாவுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. முன்னறையில் பியூன் ஒருவர் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆபீசர் வந்துட்டாரா?" என்றார் தியோடர்.

"வந்தாரு, எல்லாரையும் கேட்டாரு, சித்தூருக்குக் கிளம்பிட்டாரு. விசாரணை முடிஞ்சிடுச்சி. வெளிய நடங்க, பூட்டணும்."

"முடிஞ்சிடுச்சா! கல்லேரிப்பட்டை இன்னும் கேக்கவே இல்லையேப்பா!" எத்திராஜ் மனுவைப் பிடுங்கி நீட்டினார். "ஊரே எங்களை நம்பிக்கினு இருக்குது!"

பியூன் மனுவைத் தொடவில்லை. கல்லேரிப்பட்டு என்ற பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. மூன்று பேரையும் மரியாதையாகக் கைகாட்டி வாசலுக்கு நடத்தினார்.

"உங்க ஊருதான் மொதல்ல முடிஞ்சிது," என்றார். "ஊர்ப் பெரியவர் ஒருத்தரே மெக்கானிக் கொட்டகையில ஐயாவுக்கு மாம்பழம் குடுத்து, மெட்ராஸ் சகவாசமே வேணாம், எல்லாத்துக்கும் திருப்பதிதான்னு சொல்லிட்டாராமே."

எத்திராஜின் கால் வாசற்படியைத் தாண்டியதும், அவர் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திப் பூட்டப்பட்டது.