வாரண்டிக்கு ஒரு அக்கா

"வாரண்டி முதல்ல வாங்கினவருக்குத்தான் சார். பில்லுல இருக்கறது நீங்களா?" என்றார் சர்வீஸ் சென்டர் கவுன்ட்டர்காரர்.

டிசைனர் விழித்தான். வீடு கட்டும் முன்பே அதைக் கம்ப்யூட்டரில் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். நாளைக் காலை ஒரு பில்டருக்குக் காட்டியாக வேண்டும். இல்லையென்றால் வேலை கைமாறிவிடும். புது கிராபிக்ஸ் கார்டே வாங்கலாமே என்ற மனைவியிடம், பழசுக்கும் வாரண்டி இருக்கிறது என்று பெருமையடித்து, ஒருவர் பயன்படுத்திய கார்டை அவருடைய பில்லோடு வாங்கி வந்தான். வந்த வாரமே திரை முழுக்கக் கோடு. விற்றவரைக் கூப்பிட்டால், பில்லைத்தான் கொடுத்துவிட்டேனே, அங்கெல்லாம் வர முடியாது என்று போனை வைத்துவிட்டார்.

கோளாறு என்னவென்று பார்க்க, கார்டும் பில்லும் பக்கத்து மேசைக்குப் போயின. அங்கிருந்த மெக்கானிக் பெண் ஸ்க்ரூவைக் கழற்றத் தொடங்கினாள்.

"பில்லுல இருக்கறவரு எங்க அக்கா வீட்டுக்காரர்தாங்க," என்றான் டிசைனர். அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

குடும்பத்துக்குள் என்றால் பரவாயில்லை, அவரைப் போனில் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள் என்றார் கவுன்ட்டர்காரர். தொண்டையில் ஆபரேஷன், பேசக் கூடாது என்றான். நேரில் வந்து தலையாட்டினால் போதுமே என்றார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றான். எந்த ஆஸ்பத்திரி, சாயங்காலம் நானே போய்க் கையெழுத்து வாங்கி வருகிறேன் என்றார். கவுன்ட்டர்காரர் நல்ல மனிதர். அதுதான் தொல்லை.

டிசைனர் தலையைக் குனிந்துகொண்டான்.

"நேத்து தவறிட்டாருங்க."

கவுன்ட்டர்காரர் எழுந்து நின்றார். தண்ணீர் கொடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாதவர்கள் சொல்வதையெல்லாம் சொன்னார். பிறகு கம்பெனி விதிகளைத் திரையில் தேடிப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. வாங்கினவர் இறந்துபோனால் வாரண்டி மனைவிக்குச் சேரும். இன்றே வேறு கார்டு தரலாம்.

"அக்கா வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும் தம்பி."

"அக்காவா? அழுதழுது முகமே வீங்கிப் போச்சுங்க. இடிஞ்சு போய் உட்கார்ந்திருக்கா. எழுப்பவே முடியல."

பக்கத்து மேசையில் ஸ்க்ரூ டிரைவர் நின்றது. மெக்கானிக் பெண் பில்லில் இருந்த பெயரை ஒரு தரம் படித்தாள். டிசைனரை ஒரு தரம் பார்த்தாள்.

"பேனாவைக் குடுங்க, நானே போட்டுடறேன்," என்றாள். "ஆனா காலையில என்னை இங்க இறக்கி விட்டப்போ மனுஷன் நல்லாத்தானே இருந்தாரு."