விளக்குப் பாதைக்கு ஓர் ஒத்திகை

டார்பிஷயர்,
டிசம்பர் 13, சனிக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் உள்ள மேவிஸ் அக்காவுக்குத் தம்பி நெவில் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி டோரீன், நாய் பிஸ்கட், புதிதாக மாட்டிய வெந்நீர்க் கொதிகலன் நால்வரும் சௌக்கியம். அங்கே உன் முழங்காலும், கூரை ஓரத்து மழைநீர்க் குழாயும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். குழாயில் இலை அடைத்துக்கொண்டிருந்தால் கூச்சப்படாமல் சொல், ஏணியோடு வருகிறேன்.

நான் எழுத வந்தது குழாயைப் பற்றி அல்ல. எல்மர்ஷா மாளிகைத் தோட்டத்தில் இந்த வருஷமும் கிறிஸ்துமஸ் விளக்குப் பாதை போட்டிருக்கிறார்கள். நீயும் சிரில் அத்தானும் வருஷம் தவறாமல் போவீர்கள். அத்தானுக்கு அங்கே ஏதோ பொறுப்பு உண்டு என்று கேள்வி, என்ன பொறுப்பு என்று நான் விசாரித்ததில்லை, ஒரு மனிதரிடம் போய் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. பிப்ரவரியில் அவர் காலமானதிலிருந்து நீ எங்குமே வருவதில்லை. அக்டோபரில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, “எங்கயும் போகணும்னே தோணல நெவில்” என்றாய். நான் கிரேவிக் கிண்ணத்தை உன் பக்கம் தள்ளினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் உன்னிடம் சொல்லாமலே மூன்று டிக்கெட் போட்டுவிட்டேன். இருபதாம் தேதி, சனிக்கிழமை, மாலை நாலு நாற்பது. முதலில் உன்னிடம் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் நீ “உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்பாய், நான் “சிரமமே இல்லை” என்பேன், நீ “அப்ப உங்க இஷ்டம்” என்பாய், அதற்கு வருகிறேன் என்று அர்த்தமா வரவில்லை என்று அர்த்தமா என்று நானும் டோரீனும் ஈஸ்டர் வரைக்கும் யோசித்துக்கொண்டிருப்போம். டிக்கெட்டைப் போட்டுவிட்டால் மனசு தெளிந்துவிடும் என்று நினைத்தேன். அங்கேதான் குழப்பமே ஆரம்பித்தது.

நுழைவு டிக்கெட் வேறு, வண்டி நிறுத்தும் சீட்டு வேறு. நுழைவு டிக்கெட்டில் “குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாக வாசலில் இருக்கவும்” என்று போட்டிருக்கிறது, வண்டிச் சீட்டில் “குறித்த நேரத்துக்கு முன்னால் வரும் வண்டிகள் திருப்பி அனுப்பப்படும்” என்று போட்டிருக்கிறது, இரண்டிலும் நேரம் நாலு நாற்பது, வண்டி நிற்கும் புல்வெளியிலிருந்து வாசலுக்குப் பத்து நிமிஷ நடை. அதாவது நாலு நாற்பதுக்கு உள்ளே நுழைகிற வண்டியிலிருந்து இறங்கி நாலு இருபத்தைந்துக்கு வாசலில் நிற்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டவன் நான், இப்படி ஒரு பஸ்ஸை நான் பார்த்ததில்லை. சமையலறை மேஜையில் கட்டம் போட்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றிலும் நாம் போய்ச் சேருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தோம். மாளிகைக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் போட்டேன். “எங்கள் மாளிகையில் திருமணம் செய்துகொள்ள விரும்பியதற்கு நன்றி” என்று பதில் வந்தது, கூடவே நூற்றிருபது பேர் விருந்துக்கான பட்டியலும். அதை டோரீன் எனக்கு முன்னால் பார்த்துவிட்டாள்.

“யாரு அந்தப் பாக்கியசாலி?” என்றாள்.

“நான் வண்டி நிறுத்தறதப் பத்திதான் கேட்டேன்.”

“நூத்தியிருவது பேரு வந்தா வண்டி நிறுத்தறது கஷ்டந்தான்” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

சரி, உன்னிடமே பேசிவிடலாம் என்று போன் செய்தேன். உனக்குத் தெரியும், ஆறு மணிக்கு மேல்தான் நான் போன் செய்வேன், அப்போதுதான் கட்டணம் குறைவு என்று அப்பா பழக்கிவிட்டது. எட்டுக்கு மேல் ஒரு வீட்டுக்குப் போன் செய்தால் யாரோ செத்துப்போனதாக நினைப்பார்கள், ஆகவே ஆறுக்கும் எட்டுக்கும் இடையில். திங்கள் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. செவ்வாயும் அப்படியே. உன் கைப்பேசி பேட்டரி தீர்ந்துவிடும் என்று அலமாரியில் அணைத்து வைத்திருப்பாய், அதில் முயன்று பயனில்லை. புதன்கிழமை மனசு கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கே வந்துவிட்டேன். மணி ஆறேகால். கார் வாசலில் நிற்கிறது. ஒரு ஜன்னலில்கூட வெளிச்சமில்லை. எதிர்ப்புறம் வண்டியை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து டோரீனிடம் சொன்னேன்.

“இருட்டுல உக்காந்திருக்காங்களா? கதவத் தட்டுனியா?”

“சொல்லாம கொள்ளாம எப்படித் தட்டறது?”

“உன் கூடப் பொறந்த அக்கா நெவில்.”

“அதனாலதான்” என்றேன்.

டோரீன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பிஸ்கட்டைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டாள். இருட்டான அந்த வீட்டுக்குள் நீ தனியாக உட்கார்ந்திருப்பதை நினைத்து அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை எழுந்து டீ போட்டேன் அக்கா. சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இனி நேற்று முன்தினம் நடந்ததைக் கேள். வியாழக்கிழமை ஒரு ஒத்திகை போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம். கல்யாணமோ சாவோ ஆஸ்பத்திரியோ, எந்த இடத்துக்கும் ஒரு தடவை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்காமல் நான் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். நாற்பது நிமிஷப் பாதைக்கு மூன்றேகாலுக்கே புறப்பட்டோம், பிளாஸ்க்கில் டீ, டப்பாவில் டோரீன் சுட்ட மின்ஸ் பை, பின்சீட்டில் பிஸ்கட். வழிகாட்டிக் கருவி எங்களை ஓர் ஆட்டுப்பண்ணைக்குள் கொண்டுபோய் விட்டு, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. நாற்பது ஆடுகள் வண்டியைச் சுற்றி நின்று எங்களைப் பார்த்தன. பண்ணைக்காரர் வந்து, “விளக்குக்கா?” என்று கேட்டார், இன்றைக்கு நாங்கள் எத்தனையாவது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பின்னாலேயே ஓட்டி வெளியே வந்து, மாளிகையின் வண்டி வாசலுக்குப் போய்ச் சேர நாலு முப்பத்தைந்து ஆகிவிட்டது.

அந்த வாசலில் ஒரு பொம்பளை நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பற்றி மாளிகைக்குப் புகார் எழுதலாமா என்றுகூட யோசிக்கிறேன். மஞ்சள் கோட்டு, புருவம் வரைக்கும் இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, மூக்கு வரைக்கும் சுற்றிய மஃப்ளர், நெற்றியில் கட்டிய விளக்கு நேரே என் கண்ணில். சிவப்புக் கட்டம் போட்ட மஃப்ளர், அத்தானுக்கு ஒரு கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுத்தோமே, அதேதான். நல்ல கடையில்தான் வாங்கியிருக்கிறோம் போலும், ஊரே அதைப் போடுகிறது. ஜலதோஷம் பிடித்துத் தொண்டை கட்டிய குரல்.

“டிக்கெட்.”

“இருவதாந்தேதிக்கு இருக்கு” என்றேன்.

“இன்னைக்குப் பதினொண்ணு.”

“தெரியும். நாங்க சும்மா ஒத்திகைக்கு வந்தோம்.”

“ஒத்திகைக்கெல்லாம் உள்ள விடறதில்ல. அந்த மரத்துக்கிட்ட வண்டியத் திருப்பிக்குங்க சார்.”

இந்த ‘சார்’ இருக்கிறதே, அதில் மரியாதை ஒரு துளி இல்லை. நான் விடவில்லை. முப்பத்தொரு வருஷ அனுபவத்தை எடுத்துச் சொன்னேன், என் கட்டங்களைக் காட்டினேன். அந்தச் சிடுமூஞ்சி காகிதத்தை வாங்கி நெற்றி விளக்கில் நிதானமாகப் படித்தாள்.

“மூணு டிக்கெட் போட்டிருக்கு. வண்டியில ரெண்டு பேருதான இருக்கீங்க. மூணாவது யாரு?”

“எங்க அக்கா” என்றேன். பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, எவனோ ஒருவன் மிக மரியாதையாக ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தான், எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை அக்கா, பெயர்கூடத் தெரியாத அந்தப் பொம்பளையிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “அவ புருஷன் போயிட்டாரு. நல்ல மனுஷன். அதுக்கப்புறம் வீட்ட விட்டு வெளியவே வரமாட்டேங்கறா. போன எடுக்கறதில்ல, விளக்குகூடப் போடறதில்ல. கூடப் பொறந்ததுன்னு எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான். எப்படியாவது இழுத்துட்டு வந்து இந்த விளக்கக் காட்டிடணும்.”

அவள் என் காகிதத்தை அதே மடிப்பில் மடித்தாள். பிறகு, “அவங்ககிட்டக் கேட்டீங்களா?” என்றாள்.

“இன்னும் இல்ல.”

“மொதல்ல கேளுங்க” என்று சொல்லிக் காகிதத்தை நீட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். யார் வீட்டு விஷயத்துக்கு யார் புத்தி சொல்வது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், தபால்காரரில் ஆரம்பித்துப் பாதிரியார் வரை எல்லோரையும் பார்த்துக் குரைக்கிற பிஸ்கட், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்தச் சிடுமூஞ்சியின் கையுறையை நக்கு நக்கென்று நக்கியது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் டோரீன் சொன்னாள், “அந்தம்மா இடுப்புல கை வெச்சு நின்னத எங்கயோ பாத்திருக்கேன்.” டீ ஆவியில் அவள் கண்ணாடி ஒரே மூட்டம், அவள் எதைப் பார்த்தாள். மஞ்சள் கோட்டுப் போட்டால் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் வாசலில் அந்தப் பொம்பளை சொன்னது நியாயம் என்று நேற்று முழுக்க மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அதனால் இதோ கேட்கிறேன். இருபதாம் தேதி எங்களோடு விளக்குப் பார்க்க வருகிறாயா அக்கா? சிரமமில்லை, உன் இஷ்டம் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை. நீயும் அத்தானும் கை கோத்து நடந்த பாதையில் இந்தத் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு நட. பிஸ்கட்டுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் அனுமதியாம், ஆகவே அது வராது, அந்தத் துக்கத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உன் உடம்பும் உன் வீட்டுக் கூரையும் இந்தக் குளிர்காலத்தை நல்லபடியாகக் கடக்கட்டும். டோரீன் முத்தங்கள் அனுப்புகிறாள். இத்துடன் ஒரு மின்ஸ் பை அனுப்பலாம் என்று பார்த்தேன், உறையில் கொள்ளவில்லை.

என்றும் உன் தம்பி,
நெவில்

பி.கு.: தபால்தலை ஒட்டப் போகிற நேரத்தில் உன் கிறிஸ்துமஸ் அட்டை வந்து விழுந்தது. நின்றபடியே படித்தேன், பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். நீ எழுதியதையே உனக்குத் திருப்பி எழுதுகிறேன், நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்.

“டேய் நெவில், அந்த ராத்திரிக் கட்டணத்த எல்லாம் எடுத்து எத்தனையோ வருஷமாச்சு. காலையில போன் பண்ணித் தொலையேன். சாயங்காலம் நாலுலருந்து ஒம்பது வரைக்கும் நான் எல்மர்ஷா வண்டி வாசல்ல நிக்கறேன், பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வர்றார். உன் அத்தான் பதினோரு வருஷம் நின்ன எடம் அது. அவர் மஞ்சக் கோட்டத் திருப்பித் தரச்சொல்லி மாளிகையிலருந்து நவம்பர்ல கடுதாசி வந்துது. குடுக்கத்தான் போனேன். வாசல்ல ஆளே இல்ல, வண்டி வரிசையா நிக்குது. போட்டுக்கிட்டேன், அவ்வளவுதான். வியாழக்கெழமை மஃப்ளர எறக்கி நான்தான்டான்னு சொல்லியிருக்கலாம். நீ என்னப் பத்தி அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல, முழுசாக் கேட்டுடலாம்னு விட்டுட்டேன். நீ எங்கிட்டக் கேக்கலன்னாலும் என் காதுல விழுந்துடுச்சு. இருவதாந்தேதி லீவு சொல்லிட்டேன். பதினோரு வருஷமா அவரும் நானும் பிளாஸ்க்கும் அந்த வாசல்லயேதான் நின்னோம், உள்ள விளக்கு எப்படி இருக்கும்னு ரெண்டு பேருமே பாத்ததில்ல. வா, போய்ப் பாக்கலாம். நாலு நாப்பதுன்னா நாலு நாப்பது. முன்னாடி வந்தா நான் வண்டிக்குள்ள உக்காந்திருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க.”

மூன்று பக்கத்தை மறுபடி எழுதக் கை வராது, கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். சிடுமூஞ்சி என்று வருகிற இடத்தில் எல்லாம் அக்கா என்று போட்டுப் படித்துக்கொள். இது உன் கைக்கு வரும் முன்பே எல்லாவற்றையும் நான் என் வாயாலேயே சொல்லியிருப்பேன். நாளைக் காலை பத்து மணிக்குப் போன் செய்கிறேன்.