டிரம் அண்ணாத்தயின் சுட்ட கத்திரிக்காய்

நெருப்பில் வாட்டாமல் எதையும் வாயில் போடுவது பாவம் என்று நம்பிய மனிதர், நானறிந்து ஒரே ஒருவர்தான். படூரில் நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். பழுதான வாஷிங் மெஷினைப் பிரித்து, ஓட்டை ஓட்டையான அதன் டிரம்மைப் பின்பக்கத் தோட்டத்தில் செங்கல்மேல் நிறுத்தி அடுப்பாக்கிவிட்டதால், தெருவுக்கே அவர் டிரம் அண்ணாத்த. சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது.

கோடை வந்தால் ஒரு ஞாயிறும் தவறாது. செய்யூர்ப் பக்கமிருந்து சவுக்குக் கரி மூட்டை வந்து இறங்கும். சாயங்காலம் நாலு மணிக்கே கோழியும் ஆட்டுக்கறியும் கம்பியில் ஏறிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் நெருப்புக்கு எதிரே நின்றுகொண்டு, "இன்னா காத்து! இன்னா காத்து!" என்று சிலாகிப்பார். ஏழெட்டுப் பேர் வியர்வை வழிய அதை ஆமோதிப்போம். அந்த ஒரு பொழுதுக்காகத்தான் நான் ஆறு நாள் ஆபீஸ் போனேன்.

இப்படி இருக்கையில் எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கறியைத் தொடாதே என்றார் டாக்டர். ஞாயிறு வந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தேன். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. இனி அந்தக் கூட்டத்தில் நமக்கு இடமில்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு டிரம் அண்ணாத்த மாடியேறி வந்து கதவை இடித்தார்.

"இன்னா நைனா, கதவ சாத்திகினு குந்திகினு கீற? எயிந்து வா. எனுக்கும் டாக்டரு கறி கூடாதுன்ட்டாரு. கொலஸ்ட்ராலு கீதாம். இனிமே காய்தான்!"

கறியை முதல் நாளே உப்பு, தயிர், பப்பாளிக்காய் விழுது தடவி ஊறவைப்பது அவர் வழக்கம். அதே மரியாதையைத் தக்காளிக்கும் வெள்ளரிக்காய்க்கும் செய்தார். மறுநாள் பாத்திரத்தில் ரசம்தான் இருந்தது. அடுத்த வாரம் சேனைக்கிழங்கு. புளித்தண்ணீரில் வேகவைத்துவிட்டுச் சுடுங்கள் என்று அவர் மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "கறிய எவனாவது புளித்தண்ணில போடுவானா?" என்று கேட்டுவிட்டு அப்படியே சுட்டார். அன்று பேச்சே இல்லை. அரிப்பு தாங்காமல் எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தோம்.

அதற்கடுத்த வாரம் கைகூடி வந்தது. பூண்டு செருகி முழுசாகச் சுட்ட கத்திரிக்காய், எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்த சோளம், நல்லெண்ணெய் தொட்ட குடமிளகாய், காளான். எதிர்வீட்டுக்காரர் சப்புக்கொட்டி, "அண்ணாத்த, கத்திரிக்கா கோயி மாரியே கீது!" என்றார். டிரம் அண்ணாத்தக்குக் கோபம் வந்துவிட்டது.

"கோயி மாரி இன்னாத்துக்கு இருக்கணும்? கத்திரிக்கா கத்திரிக்கா மாரி இருந்தா போதாதா?"

அந்த ஜூன் மாதம் வேலையாகத் திருப்போரூர் போனேன். ஒரு பிரியாணிக் கடை மூலையில் டிரம் அண்ணாத்த. கையில் கோழிக்கால். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அண்ணாத்த! உசுரு மேல ஆச இல்லியா உனுக்கு? டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். கடித்த காலை இலையில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

"தப்புதான் நைனா. நாக்கு கேக்கல."

அதோடு விட்டேனா? நேரே வந்து அவர் மனைவியிடம் போட்டுக்கொடுத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்தாளுக்கு ஒரு எயவும் இல்ல தம்பி. குண்டுக்கல்லு மாரி கீறாரு. 'மேல ஒருத்தன் ஜன்னல சாத்திகினு கெடக்கறான், நாம இன்னாத்த துன்றது'ன்னு அவுரா வுட்ட பொய்யி. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

சொல்லவில்லை. அவரும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டிலிருந்த வருஷங்களெல்லாம், ஞாயிறு தவறாமல், "டாக்டரு இன்னா சொன்னாரு அண்ணாத்த?" என்று விசாரிப்பேன். "இன்னும் ஜாக்கிரதையா இருக்க சொல்றாரு நைனா" என்று பெருமூச்சு விடுவார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.